மோவாய்க்கு யாருடைய அளவுகோல்?
சிங்கப்பூரில் ஆண்களுக்கான தாடை உள்வைப்பு: கருத்துகளும் சான்றுகளும்

ஆணின் மோவாய் எவ்வளவு முன்வந்திருந்தால் போதும்? சோதிடரும் சிற்பியும் பல் மருத்துவரும் மானிடவியலாளரும் அறுவை மருத்துவரும் பல நூற்றாண்டுகளாக இதற்கு ஆளுக்கொரு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். விடைகள் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகாத விடைகளை நம்பித்தான் இன்று எலும்பின் மேல் சிலிகான் வைக்கப்படுகிறது.

சிங்கப்பூரில் இந்த முரண் கண்கூடு. ஆர்ச்சர்ட் சாலை, நொவீனா, ஃபேரர் பார்க் என்று சில ரயில் நிலையங்களுக்குள் அடங்கும் மருத்துவக் கட்டடங்களில், ஒருவர் தாடைத் தசையைப் போட்டாக்ஸ் ஊசியால் மெலிவித்து முகத்தைக் குறுக்கிக்கொள்ளலாம். இன்னொருவர் அதே தாடைக் கோணத்தில் உள்வைப்பு வைத்து முகத்தை அகலப்படுத்திக்கொள்ளலாம். கொரியப் பாணியில் கீழே கூம்பும் முகத்துக்கும் ஹாலிவுட் பாணிச் சதுரத் தாடைக்கும் ஒரே நகரில் கிராக்கி இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் முடிதிருத்தகங்களில் தாடியின் ஓரத்தைக் கோடு பிடித்துச் சீவி, இல்லாத தாடை விளிம்பை உண்டாக்கித் தருகிறார்கள். இந்தத் துறையில் மிகப் பழைய, மிகப் பாதுகாப்பான சிகிச்சை அதுதான் என்று சொல்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல.

எந்தப் பொருள் நல்லது, எந்த முறை நீடிக்கும் என்பதைப் பற்றி மருத்துவ ஏடுகளில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 'குறை' எங்கே தொடங்குகிறது என்ற முன்கேள்விக்குக் கிடைத்த கவனம் அதைவிடக் குறைவு. எனவே இக்கட்டுரை அளவுகோலில் தொடங்கி, பொருளுக்குப் பிறகு வருகிறது.

முகக்குறியும் கோணமானியும்

சாமுத்திரிகா லட்சணம் முக உறுப்புகளைக் கொண்டு குணமும் பலனும் சொல்லியது. சீன முகக்குறி மரபில் மோவாய் முதுமைக்காலத்தைக் காட்டும் இடம். அது நிறைவாக இருந்தால் கடைசிக்காலம் வளமாக இருக்கும். ஐரோப்பாவில் 1770களில் சுவிட்சர்லாந்துப் பாதிரியார் லாவாட்டர் முகத்தைக் கொண்டு மனத்தைப் படிக்கும் கலையை ஒரு மோகமாகவே பரப்பினார். உள்வாங்கிய மோவாய் உறுதியற்ற மனத்தின் அடையாளம் என்ற எண்ணம் பொதுப்புத்தியில் படிந்ததில் இத்தகைய நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எண்களால் அளப்பதும் இதே காலத்தில்தான் தொடங்கியது. டச்சு உடற்கூறியலாளர் பேட்ரஸ் காம்பரின் முகக் கோணம் பற்றிய நூல் அவர் இறந்தபின் 1791இல் வெளியானது. அவர் வரைந்த வரிசையில் ஒரு முனையில் குரங்கு, மறுமுனையில் கிரேக்கச் சிலை, மனிதர்கள் இடையில். பின்வந்தவர்கள் அந்தக் கோணத்தை இனங்களை மேல்கீழாக அடுக்கப் பயன்படுத்தினார்கள். 1884இல் பிராங்க்பர்ட்டில் கூடிய மானிடவியலாளர்கள் மண்டையோட்டை நிமிர்த்திவைக்க ஒரு பொதுக் கிடைக்கோட்டை வகுத்தார்கள். இன்றும் பக்கவாட்டு எக்ஸ்ரே அந்தக் கோட்டை வைத்தே படிக்கப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அளவுகள் மருத்துவரின் மேசைக்கு வந்தன. அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ராபர்ட் ரிக்கெட்ஸ் மூக்கு நுனியையும் மோவாய் நுனியையும் இணைத்து ஒரு கோடு போட்டார். கீழுதடு அதற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும் என்றார். மெக்சிகோவின் கொன்சாலஸ் உயோவா 1960களில் மூக்கின் வேரிலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை இறக்கி, மோவாய் அதைத் தொட வேண்டும் என்றார். சிகிச்சைக்குத் திட்டமிட ஏதாவதோர் அளவு வேண்டியிருந்தது. இந்த எளிய கோடுகள் அதற்கு உதவின என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இவற்றின் பலவீனம் எளிதில் தெரிவது. தலையைச் சில பாகை நிமிர்த்தினால் மோவாய் முன்வந்துவிடும், குனிந்தால் போய்விடும். மூக்கு நுனியை வைத்துப் போட்ட கோடு, மூக்கு நீண்டவரின் உதட்டையும் மோவாயையும் பின்தங்கியதாகவே காட்டும். 1934இல் நியூயார்க்கின் குஸ்தாவ் ஆஃப்ரிக்ட், மூக்கிலிருந்து எடுத்த எலும்புத் திமிலை அதே நோயாளியின் மோவாயில் வைத்த உத்தியை எழுதினார். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடியதுபோல் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார். மோவாயைத் தனியாக அளக்க முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மூவினத்துக்கு ஒரே கோடு

இந்தக் கோடுகள் பெரும்பாலும் வெள்ளையர் முகங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சீனர்களிடமும் தென்னிந்தியர்களிடமும் மேல், கீழ் முன்பற்கள் இரண்டுமே சற்று முன்சாய்ந்து, உதடுகள் தடித்து முன்வந்திருப்பது பரவலாகக் காணப்படும் அமைப்பு. அப்படிப்பட்ட முகத்தில் ரிக்கெட்ஸ் கோட்டைப் போட்டால் உதடு கோட்டைத் தாண்டி நிற்கும். மோவாய் பின்தங்கியதாகத் தோன்றும். எலும்பு போதுமான அளவில் இருந்தும் குறைபோல் தெரிவது இதனால்தான். அங்கே உள்வைப்பை வைத்தால் உதடும் மோவாயும் சேர்ந்து முன்னே நிற்கும் முகம் கிடைக்கலாம். பல்சீரமைப்பு மருத்துவர் அதே முகத்தைப் பார்த்தால் பல்லை உள்ளிழுப்பதைப் பற்றிப் பேசுவார். யாரிடம் முதலில் போகிறோம் என்பதே நோயின் பெயரைத் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள் இதற்கு நேரடியாகப் பயன்படும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் சீன ஆண், பெண் பக்கவாட்டு முகங்களைக் கணினியில் ஏழு விதமாக மாற்றி, பல் மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் பொதுமக்களிடமும் காட்டினார்கள். சீரான முகமும், இரு தாடைகளும் சற்று உள்வாங்கிய முகமும் மேலே வந்தன. கீழ்த்தாடை முன்துருத்திய முகம் கடைசியில் நின்றது. 'தாடை கூடக் கூட ஆண்மை கூடும்' என்ற விளம்பர வாதத்துக்கு இது ஒரு தடை. படங்கள் சீன முகங்கள் என்பதால் இதைத் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2006இல் வந்த இன்னோர் ஆய்வு, தாடைச் சீரமைப்பு அறுவைக்கு வந்த சிங்கப்பூர் நோயாளிகள் 212 பேரைப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னே இருந்தது. பெரும்பான்மையினர் சீனர்கள், சிகிச்சை தேடி வந்தவர்கள். ஆகவே மக்கள்தொகைக்கு இது கண்ணாடி ஆகாது. இருந்தாலும், மேலைநாட்டு விளம்பரம் உள்வாங்கிய மோவாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இங்கே தாடை அறுவைக்கு வந்தவர்களில் பெரும்பாலோரின் குறை நேர் எதிரானது என்பது கவனிக்கத் தக்கது.

இதில் சிங்கப்பூருக்கே உரிய ஒரு வரலாறும் இருக்கிறது. 1963இல் கூ பூ சாய் என்ற சிங்கப்பூர் மருத்துவர் இரட்டை இமை அறுவை முறையைப் பற்றியும் அடுத்த ஆண்டு ஆசியர் மூக்கை உயர்த்துவதைப் பற்றியும் உலக ஏட்டில் எழுதினார். ஆசிய முகத்துக்கு மேலைநாட்டு அளவைத் திணிக்கலாமா என்ற வாதம் இங்கே ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இமையையும் மூக்கையும் சுற்றி நடந்துவருகிறது. மோவாய் அந்த வாதத்துக்குள் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 

பரிணாமத்தைச் சாட்சிக்கு அழைப்போர்

அகன்ற தாடை டெஸ்டோஸ்டிரோனின் முத்திரை, பெண்களின் இயல்பான தேர்வு என்று சொல்வோர் உண்டு. இணையத்தில் தங்கள் முகத்துக்கு மதிப்பெண் போட்டுத் திருத்தும் இளைஞர் கூட்டங்களுக்கு இதுவே வேதம். இதன் அடிப்படை தோன்றும் அளவுக்கு உறுதியானது அல்ல.

முன்துருத்திய மோவாய் நியாண்டர்தால் மனிதருக்கு இல்லை, குரங்குக்கும் இல்லை. ஏன் நமக்கு மட்டும் வந்தது என்பது இன்னும் தீராத விவாதம். 1979இல் உயிரியலாளர்கள் கூல்டும் லெவோன்டினும் மோவாய் எதற்காகவும் தோன்றியதாக இருக்க வேண்டியதில்லை, முகத்தின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்ததன் பக்கவிளைவாக இருக்கலாம் என்றார்கள். 2015இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 40 பேரைக் குழந்தைப்பருவம் முதல் தொடர்ந்து அளந்து, மெல்லும் விசையைத் தாங்கவே மோவாய் உருவானது என்ற கருத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள்.

பெண்களின் விருப்பம் பற்றிய சான்றும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1998இல் பெரெட் குழுவினர் ஸ்காட்லாந்திலும் ஜப்பானிலும் நடத்திய சோதனையில், சற்றே பெண்மை சேர்த்த ஆண் முகமே அதிகம் பிடித்திருந்தது. மாதவிலக்குச் சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் விருப்பம் ஆண்மை மிகுந்த முகத்துக்கு மாறும் என்று அடுத்த ஆண்டு வந்த புகழ்பெற்ற முடிவு, 2018இல் 500க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் நிற்கவில்லை. 2014இல் 12 சமூகங்களை ஒப்பிட்டவர்கள், ஆண்மை மிகுந்த முகத்தின் மீதான விருப்பம் நகரமயமான, வளர்ச்சியடைந்த சூழலில்தான் கூடுதல் என்று கண்டார்கள். அப்படியானால் சதுரத் தாடை காட்டில் பிறந்த உள்ளுணர்வு என்பதைவிட நகரம் கற்றுத்தந்த ரசனை என்றே கொள்ள இடமிருக்கிறது. எப்படிக் கொண்டாலும், ஆய்வுக்கூடத்துப் படத்தில் சில விழுக்காட்டு விருப்ப வேறுபாடு ஒரு தனிமனிதரின் திருமண வாய்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

பொருளா, எலும்பா?

மருத்துவ இலக்கியத்தில் மிகுந்த சூடான சண்டை இங்கேதான். தொடக்கம் எச்சரிக்கையானது. 1899இல் வியன்னாவில் கெர்சுனி பாரஃபினை உடலுக்குள் செலுத்தி வடிவம் தரத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது இடம்பெயர்ந்து கட்டிகளாகத் திரள்வது தெரிந்தது. பிறகு குருத்தெலும்பு, இடுப்பெலும்பு, அக்ரிலிக் என்று பலவற்றை முயன்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிலிகான் வந்து நிலைத்தது.

சிலிகானின் பலம் அதன் எளிமை. மோவாய்க்குக் கீழேயோ வாய்க்குள்ளேயோ சிறு வெட்டில் உள்ளே போகும். உடல் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைக் கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது: உறை இறுகினால் வடிவம் கெடும், சரியாகப் பொருத்தாவிட்டால் நகரும். அதைவிட முக்கியமானது எலும்புத் தேய்மானம். 1969இல் ராபின்சனும் ஷுகெனும் மோவாய் உள்வைப்பு வைத்தவர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்து, பெரும்பாலோருக்கு அடியிலிருந்த எலும்பு கரைந்திருந்ததாக எழுதினார்கள். தொழிலே கலங்கியது. பின்னர் வந்த விளக்கம், உள்வைப்பு பல்வேருக்கு அருகே மெல்லிய எலும்பின் மேல் உட்கார்ந்தால்தான் தேய்மானம் அதிகம், கீழ்விளிம்பின் அடர்ந்த எலும்பில் உட்கார்ந்தால் சிறிதளவோடு நின்றுவிடும் என்பது. இந்த விளக்கம் ஏற்கத் தக்கதே. ஆனால் அதைச் சொல்வோர் பெரும்பாலும் உள்வைப்பு வைப்பவர்கள் என்பதையும் வாசகர் நினைவில் வைக்கலாம்.

அடுத்து வந்தது துளைகள் நிறைந்த பாலிஎத்திலீன். திசு துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், நகராது. பாஸ்டனின் மைக்கேல் யாரெம்சக் இதைத் திருகாணியால் எலும்போடு பிணைத்து, தாடை விளிம்பு முழுவதையும் வடிவமைக்கும் முறையை வளர்த்தார். சிக்கல், கிருமி தொற்றினாலோ மனம் மாறினாலோ வருகிறது. வளர்ந்த திசுவைக் கிழித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். இப்போது சிடி படத்திலிருந்து தனியாளுக்கென அச்சிடும் டைட்டானியமும் பீக் எனும் கடினப் பிளாஸ்டிக்கும் வந்திருக்கின்றன. பொருத்தம் துல்லியமாகியிருக்கிறது, 'எவ்வளவு பெரிதாக' என்ற முடிவு முன்போலவே மனிதரின் ரசனையில்தான் இருக்கிறது.

எலும்புக் கட்சிக்காரர்கள் வேறு வழி சொல்கிறார்கள். 1942இல் ஹோஃபர் விவரித்து, 1957இல் ட்ரவுனரும் ஓப்வேகெசரும் வாய்வழியாகச் செய்யக் காட்டிய முறையில், மோவாயின் கீழ்ப்பகுதி எலும்பையே வெட்டி முன்னே நகர்த்தித் தகடால் பிணைப்பார்கள். அயல்பொருளாகத் தகடும் திருகும் மட்டுமே. உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நாக்கின் அடித்தசை அந்த எலும்பில் ஒட்டியிருப்பதால் அதுவும் சேர்ந்து முன்வரும். உள்வைப்பால் இது ஆகாது. சிங்கப்பூரில் இது சிறு விஷயம் அல்ல. 2016இல் வெளியான சமூக ஆய்வொன்று, இங்கே வயதுவந்தோரில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான உறக்க மூச்சுக் கோளாறு இருப்பதாகவும், பெரும்பாலோருக்கு அது தெரியாமலே இருப்பதாகவும் கண்டது. தாடை சிறுத்துப் பின்தங்கியிருப்பது அதன் காரணங்களில் ஒன்று. குறட்டையும் பகல்தூக்கமும் உள்ள ஒருவருக்கு மேலே சிலிகான் மட்டும் வைத்து அனுப்பினால் முகம் திருந்தும், மூச்சு திருந்தாது.

எலும்பை வெட்டும் முறைக்கும் விலை உண்டு. முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே ஒரு துளை வழியாக வெளிவரும் நரம்பு கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. அது இழுபட்டால் மரத்துப்போகும், சிலருக்கு நெடுநாள். உள்வைப்பிலும் இந்த ஆபத்து இருக்கிறது. எலும்பு வெட்டில் கூடுதல் என்பதே பொதுவான கருத்து. மேலும், தாடைக் கோணத்தை அகலப்படுத்த இம்முறையால் முடியாது. அங்கே உள்வைப்பை மெல்லும் தசைக்கு அடியில் திணிக்க வேண்டும். தசையின் பிடிப்பு கிழிந்தால் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கன்னத்தில் தசை மேலேறிப் பள்ளம் விழும். சதுரத் தாடை கேட்போருக்கு இந்தச் சிக்கல் விளம்பரத்தில் தெரிவதில்லை.

சிங்கப்பூரிலேயே வளர்ந்த ஒரு தொழில்நுட்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆஸ்டியோபோர் நிறுவனம் பாலிகேப்ரோலாக்டோன் எனும் கரையும் பொருளில் முப்பரிமாண வலைகளை அச்சிடுகிறது. மண்டையோட்டுத் துளைகளை அடைக்கும் அதன் சாதனங்களுக்கு 2006இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வலை சுமார் இரண்டு ஆண்டுகளில் கரைய, அவ்விடத்தில் சொந்த எலும்பு வளரும் என்பது கருத்து. பொருளா எலும்பா என்ற சண்டையையே இது தீர்த்துவைக்கும் என்று நம்புவோர் உண்டு. எலும்பால் சூழப்பட்ட துளையை நிரப்புவதும், ஆரோக்கியமான எலும்பின் மேல் புதிதாக ஒரு விளிம்பை வளர்ப்பதும் வேறுவேறு வேலைகள். முன்னதில் பெற்ற வெற்றியைப் பின்னதற்குக் கடன் தர முடியாது.

ஊசி வழி

அறுவை வேண்டாம், முதலில் ஃபில்லர் எனும் நிரப்பூசி போட்டுப் பாருங்கள் என்பது நடுவழி வாதம். ஹயலுரோனிக் அமில ஃபில்லர்களுக்கு அமெரிக்காவில் மோவாய்க்கு 2020இலும் தாடை விளிம்புக்கு 2022இலும் ஒப்புதல் கிடைத்தது. பிடிக்காவிட்டால் கரைக்கலாம். ஒத்திகை என்ற அளவில் இது நியாயம். ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் செலவு அறுவையைத் தாண்டலாம். ஊசி இரத்தக்குழாயில் இறங்கினால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வை போகலாம். உரிமம் இல்லாதவர்களிடம் ஃபில்லர் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சுகாதார அறிவியல் ஆணையம் அடிக்கடி எச்சரித்துவருவது இதனால்தான்.

யார் செய்யலாம், யார் பணம் கட்டுவது

அழகு மருத்துவத்தைச் சிங்கப்பூர் தனிச் சிறப்புத்துறையாக ஏற்கவில்லை. 2008இல் முதல் வழிகாட்டி நெறிகள் வந்தன. 2016இல் மருத்துவ மன்றம் அவற்றைப் புதுப்பித்தது. ஊசி முறைகளைத் தகுதிச் சான்று பெற்ற பொது மருத்துவர்களும் செய்யலாம். அறுவை உரிய பயிற்சி உள்ளவர்களுக்கு. தாடையில் இன்னொரு சிக்கல்: ஒட்டறுவை மருத்துவர் மருத்துவ மன்றத்தின் கீழ் வருகிறார், வாய் தாடை முக அறுவை நிபுணர் பல் மருத்துவ மன்றத்தின் கீழ். எலும்பு ஒன்று, மேற்பார்வை இரண்டு. முன்னவர் உள்வைப்புக்கும் பின்னவர் எலும்பு வெட்டுக்கும் சாய்வதில் பயிற்சியின் பங்கு சான்றின் பங்கைவிடக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

பணம் கட்டும் இடத்தில் அரசு தெளிவாகக் கோடு கிழிக்கிறது. அழகுக்கான அறுவைக்கு மெடிஷீல்டு லைஃப் காப்பீடு கிடையாது. மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் எடுக்க முடியாது. கடிப்பு, மெல்லல், மூச்சு ஆகியவற்றுக்காகச் செய்யும் தாடைச் சீரமைப்புக்கு மெடிசேவ் உண்டு. கட்டுமானத் தளத்தில் விழுந்து தாடை நொறுங்கிய ஊழியருக்குத் தகடு வைப்பது சிகிச்சை. அதே திருகாணியால் உள்வைப்பைப் பிணைப்பது அலங்காரம். இரண்டு முனைகளிலும் கோடு நேராகவே தெரிகிறது. பிறவியிலேயே தாடை சிறுத்து, மெல்லுவதில் குறையின்றி, கேலிக்கு மட்டும் ஆளான இளைஞர் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம்? கணக்குப் புத்தகத்தில் அவர் அலங்காரப் பக்கம்தான்.

நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதிலும் சட்டம் அலைந்திருக்கிறது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளி அறிய விரும்பக்கூடியதை மையமாக்கியது. மருத்துவர்கள் தற்காப்புக்காகப் பட்டியல் வாசிக்கத் தொடங்குவார்கள் என்ற கவலை எழவே, 2020இல் நிறைவேறி 2022இல் நடப்புக்கு வந்த திருத்தம் சகமருத்துவர்களின் கருத்துக்கு மீண்டும் எடை தந்தது. உயிர் காக்கும் சிகிச்சைக்கு இந்தச் சமநிலை பொருந்தலாம். அவசரமே இல்லாத மோவாய் அறுவைக்கு 2017இன் அளவுகோலே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடியும் கைப்பேசியும்

2011இல் அமெரிக்காவில் 20,680 மோவாய்ப் பெருக்க அறுவைகள் நடந்ததாகவும், முந்தைய ஆண்டைவிட இது 71 விழுக்காடு கூடுதல் என்றும் அங்குள்ள ஒட்டறுவை மருத்துவர் சங்கம் அறிவித்தது. காணொளி அழைப்பில் தம் முகத்தைத் தாமே பார்ப்பதைக் காரணமாகச் சொன்னார்கள். சிகிச்சையை விற்போரின் கணக்கு என்றாலும் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 2018இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபி 5 அடியில் எடுத்த படத்தைவிட ஆணின் மூக்கைச் சுமார் 30 விழுக்காடு அகலமாகக் காட்டுகிறது. மூக்கு பெருத்தால் மோவாய் சிறுக்கும். ஆஃப்ரிக்ட் அறிந்த பாடம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது.

ஆண் நோயாளிகளைப் பற்றி அறுவை மருத்துவர்களிடையே பழைய சந்தேகம் ஒன்று உண்டு. தனியாள், முதிராதவர், ஆண், மிகை எதிர்பார்ப்பாளர், தன்மோகி என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து 'சைமன்' என்று பெயர் வைத்து, அத்தகையவரைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஆணாக இருப்பதையே ஆபத்துக் குறியாகக் கொள்வது இன்று கொச்சையாகப் படுகிறது. அதற்குள் இருந்த மருத்துவக் கவலை மட்டும் செல்லும்: உருவக்குறை மனநோய் மக்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு உண்டு, அழகு அறுவைக்கு வருவோரிடம் அது சில மடங்கு கூடுதல், அவர்களுக்கு அறுவையால் நிம்மதி வருவது அரிது. ஆஸ்திரேலியா 2023 முதல் இதற்கான சோதனையையும் பொது மருத்துவர் பரிந்துரையையும் ஏழு நாள் காத்திருப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

சிங்கப்பூர் ஆண்களுக்கு இன்னொரு சூழலும் இருக்கிறது. தேசிய சேவையில் சீக்கியர் தவிர மற்றவர்கள் தாடியை மழிக்க வேண்டும். பதினெட்டு வயதில் பலர் தம் மோவாயை முதன்முறையாக முழுசாகக் கவனிப்பது அப்போதாக இருக்கலாம். ஆண்களின் கீழ்த்தாடை பதின்பருவத்தின் இறுதிவரையும், சிலருக்கு அதற்குப் பின்னும் வளர்கிறது. வளர்ந்து முடியாத எலும்பின் மேல் அளவெடுப்பது நல்ல மருத்துவமாகாது.

தீராதவை

மோவாய் மட்டும் தெளிவாகச் சிறுத்து, கடிப்பும் மூச்சும் சீராக உள்ளவருக்கு, கீழ்விளிம்பில் சரியாகப் பொருத்திய சிறு உள்வைப்பு ஏற்கத் தக்க தேர்வு என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது. உயரக் குறையோ மூச்சுக் கோளாறோ சேர்ந்திருந்தால் எலும்பு நகர்த்தலே மேல். தாடைக் கோணத்தைச் சதுரமாக்கும் பெரிய உள்வைப்புகளுக்கு இருக்கும் சான்று, அவற்றை விற்கும் குரலின் உறுதிக்கு ஈடாகவில்லை. சிங்கப்பூர்த் தமிழ், மலாய் ஆண்களின் முகங்களைக் கொண்டு எடுத்த அளவுகளும், அவர்களுடைய பெற்றோரும் துணைவியரும் எந்த முகத்தை விரும்புகிறார்கள் என்ற தரவும் இல்லாமல் 'குறை' என்ற சொல்லை எக்ஸ்ரேயின் மேல் எழுதுவது அவசரம்.

காலம் பற்றிய கேள்வி இதைவிடக் கடினம். வெளியான முடிவுகளில் பல, ஒரே மருத்துவர் தம் நோயாளிகளைச் சில ஆண்டுகள் கவனித்து எழுதியவை. வயதோடு பல் விழும்; பல் விழுந்த இடத்தில் தாடையெலும்பின் உயரம் குறையும்; தோல் மெலியும். ஆஸ்திரேலியா மார்பக உள்வைப்புகளுக்கு வைத்திருப்பதுபோல் ஒரு பதிவேட்டைச் சிங்கப்பூர் முக உள்வைப்புகளுக்கும் தொடங்கினால், 25 வயதில் வைத்தது 65 வயதில் எந்த எலும்பின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அடுத்த தலைமுறை மருத்துவராவது படம் எடுத்துக் காட்ட முடியும்.